எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து குடியம் குகை வரை: ஒரு நாள் ‘கற்கால’ வேன் டூருக்குக் காசு கொடுக்கலாமா?

திருவொற்றியூர் தேரடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்புகிறதே, எண்ணூர் முகத்துவாரத்தில் ஆரம்பித்து பூண்டி, அதிரம்பாக்கம், குடியம் குகை வரைக்கும் கூட்டிக்கொண்டு போகும் வேன் டூர், அது எப்படி இருக்கிறது என்று தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்வதற்கு மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நடத்துகிறவர்கள் பெயரைப் போடவில்லை. குறை சொல்கிற இடங்கள் நிறைய இருக்கின்றன, அதுவும் நம்ம ஏரியா ஆட்கள், தேரடியில் யாரைக் கேட்டாலும் நம்பர் கிடைக்கும். பெரியவர்களுக்கு 1,400 ரூபாய், பள்ளிப் பிள்ளைகளுக்கு 900. காலை டிபன், மதியச் சாப்பாடு, ஒரு டி-ஷர்ட் எல்லாம் இதில் அடக்கம். டி-ஷர்ட்டைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது, அது அப்புறம்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. சமூக அறிவியலில் முதல் பாடமே மனிதப் பரிணாம வளர்ச்சி, அதில் அதிரம்பாக்கம் வருகிறது. ஆப்பிரிக்கா, கென்யா, எத்தியோப்பியா என்று போய்க்கொண்டிருக்கும் பாடத்தில் நம்ம திருவள்ளூர் மாவட்டத்து ஊர் ஒன்று வந்ததும் பிள்ளைக்கு ஆர்வம். அதற்காகத்தான் போனோம்.

இந்த டூரின் நல்ல யோசனையே அது தொடங்கும் இடம்தான். அதிரம்பாக்கம் கொசஸ்தலையாற்றங்கரை ஊர். அதே ஆறுதான் பூண்டியில் தேங்கி, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி, கடைசியில் நம் எண்ணூரில் கடலில் விழுகிறது. பாலத்தில் பஸ்ஸில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அதே தண்ணீர். அதன் மேல்கரையில் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து கல் உடைத்திருக்கிறார்கள் என்பதை, வகுப்பறையில் சொல்வதும் முகத்துவாரத்தில் நிற்க வைத்துச் சொல்வதும் ஒன்றல்ல. விடியற்காலையில் முகத்துவாரக்குப்பத்தில் இறக்கிவிட்டார்கள். ஒரு பக்கம் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள், கால் வைத்த இடத்தில் சாம்பல் கலந்த சேறு, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து படிந்ததன் கறை சில கற்களில் இன்னும் போகவில்லை. வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருத்தர் எங்கள் கூட்டத்தைப் பார்த்து, “என்னாம்மா, ஷூட்டிங்கா?” என்றார். ஆறு எங்கே முடிகிறது என்று காட்டிவிட்டு, அது எங்கிருந்து வருகிறது என்று நாள் முழுக்க மேலே போவது, யார் யோசித்தார்களோ, அவர்களுக்கு ஒரு சபாஷ்.

ஆனால் அங்கேயே முதல் எரிச்சலும் ஆரம்பம்.

டூரை நடத்துவது இரண்டு பேர். ஒருத்தர் வேன் முதலாளி, ஐம்பது வயதிருக்கும், கையில் மைக் இருந்தால் விடமாட்டார். இன்னொருத்தர் தொல்லியல் படித்த தம்பி, அவருக்கு மைக்கே கிடைப்பதில்லை. முகத்துவாரத்தில் அண்ணன் மைக்கை எடுத்து, “இதோ தெரியுதே கடல், இதுக்கு உள்ளதான் குமரிக்கண்டம் முழுகிப் போச்சு, உலகத்தோட முதல் மனுஷன் அங்கதான் பொறந்தான்” என்று ஆரம்பித்தார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உண்மையில் நடந்தது எவ்வளவு சுவாரசியம் பாருங்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகத்துத் தண்ணீரில் பெரும் பங்கு பனிப்பாறையாக உறைந்து கிடந்ததால் கடல்மட்டம் இப்போதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. அன்றைக்கு முகத்துவாரம் இந்த இடத்தில் கிடையாது, இன்னும் பல கிலோமீட்டர் கிழக்கே தள்ளி இருந்திருக்கும். இலங்கைக்கு நடந்தே போகலாம். காசிமேட்டு விசைப்படகுகள் இப்போது வலை வீசும் இடங்களில் சில அன்றைக்குத் தரை. இதைச் சொன்னாலே கேட்கிறவன் வாயைப் பிளப்பான். இது இருக்கும்போது, எந்த நிலவியல் சான்றும் இல்லாத ஒரு கண்டத்தை எதற்கு அதில் முழுகடிக்க வேண்டும்?

வேனில் மணலி, செங்குன்றம், தாமரைப்பாக்கம் வழியாகத் திருவள்ளூர். டிபன் பொங்கல், வடை. சூடாக இருந்தது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு வேன் போனது, எங்களுக்கு அண்ணன் வேன் வாய்த்தது. செங்குன்றம் தாண்டுவதற்குள் ‘15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே தமிழன் கோடரி செஞ்சான்’ என்பதை எத்தனை தடவை கேட்டோம் என்று கணக்கில்லை. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். பக்கத்தில் இருந்த ஒரு ரிட்டையர்டு தலைமையாசிரியர் மட்டும், “15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி தமிழனும் இல்ல, ஜப்பான்காரனும் இல்ல சார்” என்று முனகினார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

அவர் சொன்னதுதான் சரி. அதிரம்பாக்கத்தின் அடியடுக்கில் கிடைத்த கைக்கோடரிகளுக்குச் சராசரியாக 15.1 லட்சம் ஆண்டு என்று 2011இல் தேதி குறித்தார்கள், சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர். 1999இலிருந்து அங்கே தோண்டி ஆராய்ந்தவர்கள் அவர்கள். நம்மைப் போன்ற மனிதர்கள், அதாவது ஹோமோ சேப்பியன்ஸ், இதுவரை கிடைத்ததில் பழைய எலும்புகள் மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்தவை, சுமார் 3 லட்சம் ஆண்டு. ஆக, நம் இனமே பிறப்பதற்கு 12 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் செய்யப்பட்ட கருவிகள் இவை. செய்தது நமக்கு முந்தின ஹோமோ எரக்டஸ் என்ற மனித வகையைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்பது ஊகம், ஏனென்றால் அதிரம்பாக்கத்தில் மனித எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. விலங்குப் பற்களின் புதைபடிவம் கிடைத்தது, குளம்பு பதிந்த தடங்கள் கிடைத்தன, மனிதன் கிடைக்கவில்லை. மொழி பேசினார்களா என்பதே கேள்வி, இதில் தமிழ் எங்கே வருகிறது? நம் மண்ணில் கிடைத்தது என்று பெருமைப்படலாம், நானும் படுகிறேன். நம் பாட்டன் செய்தது என்று உரிமை கொண்டாடுவது வேறு.

பூண்டிக்கு வந்ததும் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம். 1985இல் தொடங்கியது, சின்ன இடம்தான். பெரிய மியூசியம் என்று நினைத்து வருகிறவர்களுக்குப் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், முடிந்தும் விட்டது, பாதிப் பேர் வெளியே போய் அணையோடு செல்பி எடுக்கப் போய்விட்டார்கள். அண்ணன் வாசலில் நின்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கலெக்டர் இல்லை, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த நிலவியலாளர். 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில், செம்மண் சரளைக் குழியில் ஒரு கல்லைப் பார்த்து, இது தானாக உடைந்ததில்லை, மனிதன் உடைத்தது என்று கண்டுபிடித்தவர். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு அதிரம்பாக்கத்துக்கு வந்தார். அவர் சேர்த்தது இன்றைக்கும் எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. உண்மையில் இந்த டூருக்கு முந்தின வாரம் எழும்பூருக்கு ஒரு நடை போய்விட்டு வந்தால் பிள்ளைகளுக்குக் கல்லைப் பார்க்கும் கண் கொஞ்சம் பழகிவிடும்.

அகழ்வைப்பகத்துக்கு வெளியே மரத்தடியில் தம்பி ஒரு சாக்குப் பையைக் கொட்டினார். அந்த நிமிடத்திலிருந்துதான் நாங்கள் கொடுத்த காசுக்கு வேலை நடந்தது.

உருண்டையான குவார்ட்சைட் கற்கள், கட்டட வேலைக்குச் சரளை கொட்டும் இடத்திலிருந்து வாங்கி வந்தவை, தொல்லியல் இடத்திலிருந்து ஒன்றுகூட எடுக்கவில்லை என்று முதலிலேயே சொன்னார். தொடையில் கனமான ரப்பர் பாயைப் போட்டுக்கொண்டு, இடது கையில் கல்லைச் சாய்த்துப் பிடித்து, வலது கையில் சுத்தியல் கல். முதல் அடி டொக் என்றது, ஒன்றும் ஆகவில்லை. “சத்தம் கேட்டீங்களா? இது தப்பான அடி. விளிம்புல, கோணம் குறுகலா இருக்கற எடத்துல படணும்” என்றார். கல்லைத் திருப்பி இன்னொரு அடி. இந்த முறை டிங் என்று ஒரு தெளிவான சத்தம், உள்ளங்கையில் ஒரு செதில் கழன்று விழுந்தது. அதை எல்லோர் கையிலும் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். அடி விழுந்த இடத்துக்குக் கீழே கட்டைவிரலுக்குத் தட்டுப்படும் ஒரு சின்னப் புடைப்பு, அதிலிருந்து விரிந்துகொண்டே போகும் வளைவு வளைவான வரிகள். வெயிலிலும் மழையிலும் வெடிக்கிற கல்லில் அந்தப் புடைப்பு இருக்காது. ஆற்றில் உருண்டு மோதி எப்போதாவது ஒரு செதில் பெயரலாம், ஆனால் ஒரே விளிம்பில், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வரிசையாகப் பெயராது. ஒரு கல் கருவியா வெறும் கல்லா என்று பார்ப்பது இப்படித்தான். காசிமேட்டில் மீன் வாங்கும்போது நாம் செவுளைத் தூக்கிப் பார்ப்போம் இல்லையா, இவர்கள் கல்லில் அந்தப் புடைப்பைத் தேடுகிறார்கள்.

அப்புறம் கறிக்கடையில் வாங்கி வந்த ஓர் ஆட்டுத் தோல் துண்டை மரக்கட்டையில் விரித்து, அந்தச் செதிலை என் மகள் கையில் கொடுத்தார். ஒரு இழுப்புதான். தோல் திறந்துகொண்டது. “அம்மா, நம்ம வீட்டுக் கத்தியவிட இது பரவாயில்ல” என்றாள், கூட்டத்தில் ஒரே சிரிப்பு, எனக்கு மானம் போயிற்று. தோலைக் கிழிக்க முடிந்தால் சிங்கமோ ஓநாயோ விட்டுப்போன இரையில்கூடப் பங்கு கிடைக்கும், கனமான கல்லால் எலும்பை உடைத்தால் மஜ்ஜை கிடைக்கும், கொழுப்பும் புரதமும் அதிகம் தேவைப்படும் பெரிய மூளையை வளர்க்க இதெல்லாம் உதவியது என்று தம்பி சொன்னபோது, கையில் இருந்த அந்தச் சின்னச் செதில் வேறு மாதிரித் தெரிந்தது.

இங்கே ஒரு குறை. கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி ஐந்தோ ஆறோதான் இருந்தது, முன்னால் உட்கார்ந்தது பூராவும் பிள்ளைகள். கல்துகள் தெறிக்கிறது. தம்பியே இரண்டு தடவை எல்லோரையும் பின்னால் தள்ளி உட்கார வைத்தார். தலைக்கு 1,400 வாங்குகிறீர்கள், நூறு ரூபாய்க் கண்ணாடியில் கஞ்சத்தனம் எதற்கு?

மண்டையோட்டு மாதிரிகள் மூன்று வைத்திருந்தார், பிளாஸ்டிக். அதில் ஒன்று கென்யாவில் 1984இல் கமோயா கிமேயு கண்டெடுத்த, துர்கானா சிறுவன் என்று பெயர் வைத்த பழங்கால மனித வகைப் பையனுடையது. அவன் வாழ்ந்த காலமும் அதிரம்பாக்கத்துக் கோடரிகளின் காலமும் கிட்டத்தட்ட ஒன்று. சாகும்போது பத்து வயதுக்கு முன்னே பின்னே, உயரம் மட்டும் 160 செ.மீ. இருந்திருக்கலாம் என்கிறார்கள். என் மகளைப் பக்கத்தில் நிற்க வைத்து, “உன் உயரம் இருப்பான் பாப்பா, கழுத்துக்குக் கீழ பார்த்தா ஓட்டப் பந்தயத்துல ஓடற பையன்தான், நெத்தி மட்டும் இப்படிச் சரிஞ்சிருக்கும்” என்று கையை வைத்துக் காட்டினார். புத்தகத்தில் இருக்கும் படத்தைவிட இந்த ஒரு வாக்கியம் அவளுக்குப் பதிந்துவிட்டது.

சாப்பாடு. இதைச் சொல்லாமல் விடமுடியாது. பூண்டி அணைப் பக்கம் வரிசையாக மீன் பொரிக்கும் கடைகள், மசாலா வாசனை ரோடு வரைக்கும் வருகிறது, எங்கள் கையில் மட்டும் ஆறிப்போன லெமன் சாதப் பொட்டலமும் உருளைக்கிழங்கு வறுவலும். வந்தவர்களில் பாதிப் பேர் காசிமேடு, ராயபுரம், நல்ல தண்ணி மீனை மீனாகவே மதிக்காத ஜாதி, அவர்களே பொறுக்கமுடியாமல் போய்க் காசு கொடுத்து வாங்கித் தின்றார்கள். நானும்தான்.

அதிரம்பாக்கத்தில் இறங்கியதும் பலருக்கு ஏமாற்றம். உலகப் புகழ் பெற்ற இடம் என்று கேள்விப்பட்டு வருகிறோம், பார்த்தால் முள்புதர், ஓடை அரித்த மண்மேடு, அங்கங்கே சரளை. டிக்கெட் கவுன்டர், கண்ணாடிக் கூண்டு, சிலை எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். நல்லவேளையாக இங்கே அண்ணன் வேனிலேயே ஏசி போட்டுப் படுத்துவிட்டார், தம்பி முழுசாகப் பேசினார்.

ஒரு கல்லுக்கு எப்படி வயது சொல்கிறார்கள் என்று அந்தத் தலைமையாசிரியர் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான், கல்லுக்கு வயது என்றால் பாறை உண்டான வயதைத்தானே சொல்ல முடியும்? தம்பி சொன்னது இது. தரையில் கிடக்கும் குவார்ட்சைட் கல்மேல் விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் படும்போது அதற்குள் அலுமினியம் 26, பெரிலியம் 10 என்று இரண்டு கதிரியக்கத் தனிமங்கள் மிக மிகச் சொற்பமாக உண்டாகும், ஒரு குறிப்பிட்ட விகிதத்தில். கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துவிட்டால் புதிதாக உண்டாவது நின்றுவிடும். ஏற்கெனவே இருப்பது அழிந்துகொண்டே வரும், ஆனால் அலுமினியம் சீக்கிரம் பாதியாகிவிடும், சுமார் 7 லட்சம் ஆண்டுகளில், பெரிலியத்துக்கு அதைப் போல இரண்டு மடங்கு ஆகும். இப்போது இரண்டும் எந்த விகிதத்தில் மீதி இருக்கிறது என்று அளந்தால், கல் புதைந்து எவ்வளவு காலம் என்று கணக்குப் போடலாம். அதாவது பாறையின் வயது இல்லை, கருவியை யாரோ கீழே போட்டு மண் மூடிய நாளின் வயது. கூடவே அந்தக் களிமண்ணின் காந்தத் திசையையும் பார்த்திருக்கிறார்கள். பூமியின் வடக்கு தெற்கு கடைசியாக மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அடியடுக்கு மண் அதற்கு முந்தின தலைகீழ்த் திசையைக் காட்டுகிறது. இரண்டு வழியில் பார்த்தும் ஒத்துப்போகிறது. இவ்வளவையும் மைக் இல்லாமல், ஓடைக்கரையில் குந்தி உட்கார்ந்து, குச்சியால் மண்ணில் கோடு போட்டுச் சொன்னார். மகள் நோட்டில் வரைந்துகொண்டாள்.

அந்த அடியடுக்கில் பெரிய மூலக்கற்கள், அதாவது செதில் உடைத்தெடுத்த தாய்க்கற்கள், அதிகம் இல்லையாம், பெரிய செதில்கள்தான். அப்படியென்றால் வேறெங்கோ பாறையில் பெரிய செதிலாக உடைத்து, அதைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து, இங்கே உட்கார்ந்து கோடரியாகச் செதுக்கியிருக்கிறார்கள். நாளைக்கு வேலைக்கு ஆகும் என்று இன்றைக்கே சுமந்து வருகிற புத்தி. அண்ணனின் மொத்த மைக் பேச்சும் இந்த ஒரு விஷயத்துக்கு ஈடாகாது.

அங்கேயே ஒரு கூத்து. எங்களோடு வந்த ஒருத்தர் ஓடைச் சரிவில் கிடந்த ஒரு கல்லைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுவிட்டார். தம்பி பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை, பக்கத்தில் போய், “சார், அது எங்க கெடந்ததுன்னு காட்டுங்க, அதே எடத்துலயே வச்சுடலாம்” என்றார். அவர், “ஒரு கல்லுதானேப்பா, ஆயிரம் கெடக்கு” என்று மழுப்பினார். தம்பி விடவில்லை. இது பாதுகாக்கப்பட்ட இடம், எடுப்பது சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம், எந்த அடுக்கில் எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் அந்தக் கல் ஷோகேஸில் வைக்கிற கல்லாகிவிடும், அதைக் கொண்டு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திருப்பி வைத்தார். காசு கொடுத்து வந்த வாடிக்கையாளரிடம் இப்படிக் கறாராகப் பேசுகிற ஆளை எனக்குப் பிடித்தது.

அடுத்து நடந்தது பிடிக்கவில்லை. குடியத்துக்குப் போகும் வழியில் இருளர் குடியிருப்பு ஒன்றின் பக்கம் வேனை நிறுத்தி, “இவங்கதான் கற்கால மக்களோட கடைசி வாரிசு, போட்டோ எடுத்துக்கங்க” என்றார் அண்ணன். சிலர் இறங்கிப் போய் எடுக்கவும் செய்தார்கள். அங்கே திண்ணையில் உட்கார்ந்து போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தர் நிமிர்ந்து பார்த்து, எந்த ஊர் என்று கேட்டார். எண்ணூர்ப் பக்கம் என்றதும், “எங்க சொந்தக்காரங்க அங்கதான் இருக்காங்க, ஆத்துல எறா புடிக்கறாங்க” என்றார். காலையில் நாங்கள் நின்ற அதே முகத்துவாரம், இடுப்பளவு தண்ணீரில் கையாலேயே தடவி இறால் பிடிக்கிறவர்கள். நம்மோடு ஒரே மார்க்கெட்டில் விற்று வாங்குகிற மக்கள். கற்காலத்திலிருந்து அவர்கள் எவ்வளவு தூரமோ நாமும் அவ்வளவே தூரம், யாரும் அங்கேயே நின்றுவிடவில்லை. காடும் பாம்பும் மூலிகையும் தெரிந்திருப்பது இன்றைய அறிவு, பழைய மிச்சம் இல்லை. அவர்கள் வீட்டு வாசலை வேடிக்கைப் பொருளாக டூரில் சேர்ப்பது அசிங்கம். இறங்காதவர்கள் சில பேர் அண்ணனிடம் நேரடியாகவே சொன்னோம். “அவங்க ஒண்ணும் சொல்லலியே அக்கா” என்றார். இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் ஒரு ஸ்டாரை முழுசாகக் குறைக்கிறேன்.

குடியம் குகைக்கு ஊரிலிருந்து மூன்று நாலு கிலோமீட்டர் புதர்க்காட்டில் நடை. கூழாங்கற்களை யாரோ சிமென்ட் போட்டு ஒட்டியதைப் போன்ற பாறை மலை, அந்தக் கூழாங்கற்கள்தான் கருவி செய்தவர்களுக்கு மூலப்பொருள். குகை என்பதைவிட மலை உள்வாங்கிய ஒரு பெரிய பாறைக்கூடம் என்று சொல்லலாம், உள்ளே ஓர் அம்மன் கோயில் இருக்கிறது, நிழலும் காற்றும் அருமை. 1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறையின் பானர்ஜி இங்கே தோண்டினார். கற்கால மனிதன் என்றால் குகையில் குடும்பம் நடத்தினான் என்று ஒரு படம் நம் மண்டையில் இருக்கிறது, ஆனால் இந்த வட்டாரத்தில் கருவிகள் குவிந்து கிடப்பதெல்லாம் அதிரம்பாக்கம் போன்ற திறந்தவெளியில்தான். ஆறு, ஓடை, மேய வரும் விலங்கு, கையெட்டும் தூரத்தில் கல், அங்கேதான் பிழைப்பு.

நடை பெரியவர்களுக்குக் கஷ்டம், முட்டிவலிக்காரர்கள் வேனிலேயே இருப்பது உத்தமம். பூண்டியை விட்டால் பெண்களுக்குக் கழிப்பறை எங்கேயும் இல்லை. இதை நோட்டீஸில் ஒரு வரி போட்டிருக்கலாம். கேட்டால், காட்டுல என்னக்கா பண்றது என்கிறார்கள். காட்டில் ஒன்றும் பண்ண வேண்டாம், கிளம்பும்போதே சொல்லலாம் இல்லையா?

சரி, டி-ஷர்ட். முதுகில் அந்தப் பழைய படம், நாலு கால் குரங்கு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து கடைசியில் மனிதனாகும் வரிசை. இவர்கள் கைவண்ணத்தில் கடைசி ஆள் வேட்டி கட்டி மீசை முறுக்கி நிற்கிறார். பார்க்கச் சிரிப்புதான், துணியும் நல்ல காட்டன், மகள் ராத்திரி உடையாகப் போட்டுக்கொள்கிறாள். ஆனால் நாள் முழுக்கத் தம்பி சொன்னதற்கு நேர் எதிரானது அந்தப் படம். ஒன்று முடிந்து அடுத்தது என்று வரிசையில் யாரும் வரவில்லை. 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் ஆப்பிரிக்காவில் நம் இனம் தலையெடுத்தபோது, ஐரோப்பாவில் நியாண்டர்தால்கள் இருந்தார்கள், தென்னாப்பிரிக்காவில் சின்ன மூளையோடு ஹோமோ நலேடி இருந்தார்கள், ஆசியாவிலும் வேறு சில கூட்டங்கள். ஒரே நேரத்தில் பல வகை மனிதர்கள், அதில் ஒன்றுதான் இன்றைக்கு மீதி.

திரும்பும்போது கெஞ்சிக் கூத்தாடித் தம்பி இருந்த வேனுக்கு மாறிக்கொண்டோம். காலையில் வந்ததும் இதுவும் ஒரே டூர்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளைகளெல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். ஒரு பையன், அப்போ அதிரம்பாக்கத்துல இருந்தவங்க எங்க போனாங்க அண்ணா என்று கேட்டான். அதற்கு அவர், மேலடுக்கில் 3.85 லட்சம் ஆண்டு வாக்கில் கருவி செய்யும் முறையே மாறுகிறது என்றார். பெரிய கோடரிகள் குறைந்து, முன்கூட்டியே மூலக்கல்லைத் தயார் செய்து வேண்டிய வடிவத்தில் சின்னச் செதில்களாக எடுக்கும் நுட்பம் வருகிறது. 2018இல் இந்தத் தேதி வெளியானபோது பெரிய பரபரப்பு, ஏனென்றால் இந்த நுட்பம் இந்தியாவுக்கு வெகு பிற்பாடு, நம் இனம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தபோதுதான் வந்தது என்று பலர் நினைத்திருந்தார்கள். இங்கேயே இருந்தவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்தார்களா, முன்னாலேயே வேறு கூட்டம் வந்து போனதா, எலும்பு கிடைக்கும் வரை யாராலும் சொல்ல முடியாது. நாம் வந்தது ரொம்பப் பின்னால். ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய நம் கூட்டத்தின் பெரிய பரவல் சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன், அதற்கு முந்தியே சின்னச் சின்னக் கூட்டங்கள் வந்திருக்கலாம். சுமத்ராவில் 74,000 ஆண்டுகளுக்கு முன் தோபா எரிமலை வெடித்துச் சாம்பல் இந்தியா முழுக்கப் படிந்தது, ஆந்திராவில் ஜ்வாலாபுரம் என்ற இடத்தில் அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் கருவி, மேலேயும் கிட்டத்தட்ட அதே மாதிரிக் கருவி. அவ்வளவு பெரிய அழிவிலும் யாரோ தாக்குப்பிடித்திருக்கிறார்கள். வழியில் நியாண்டர்தால்களோடு கலந்ததன் அடையாளமாக, நம் எல்லோர் டி.என்.ஏ.விலும் ஒன்றிரண்டு சதவீதம் இன்றைக்கும் இருக்கிறது என்றதும், அந்தப் பையன் உடனே பக்கத்து சீட்டுக்காரனைக் காட்டி, “இவனுக்கு ஜாஸ்தி இருக்கும்ணா” என்றான்.

தேரடியில் இறங்கும்போது மணி எட்டு. சொன்ன நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் தாமதம், மறுநாள் ஸ்கூல். இறங்கும் இடத்தில் கைக்கோடரி வடிவக் கீசெயின் 150 ரூபாய்க்கு விற்கிறார்கள், வாங்க வேண்டாம், பிளாஸ்டிக்.

ஐந்துக்கு மூன்று ஸ்டார் கொடுத்திருக்கிறேன். அந்த மூன்றும் தம்பிக்கு. இருளர் குடியிருப்பில் நிறுத்துவதை எடுத்துவிட்டால் நாலாக்கத் தயார், அதை அண்ணனுக்கு மெசேஜாகவும் போட்டிருக்கிறேன், ப்ளூ டிக் வந்துவிட்டது, பதில் வரவில்லை. போகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் போங்கள், ஏப்ரல், மே வெயிலில் குடியம் நடை ஆகாது. மூடிய ஷூ, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பிள்ளைகளுக்குக் கண்ணாடி நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். மதியத்துக்கு அவர்கள் பொட்டலத்தை நம்பாமல் மீனுக்குத் தனியாக இருநூறு ரூபாய் எடுத்து வையுங்கள். புக் செய்யும்போதே, கல் உடைத்துக் காட்டுகிற தம்பி அந்த வாரம் வருகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அவருக்கு ஏதோ பரீட்சை இருக்கிறதாம், சில ஞாயிறுகளில் அண்ணன் மட்டும் போகிறார்.